திறந்த மூலத்துக்கு ஒரு விளக்கக் கூட்டம்

தமிழ்ப்பற்றும் அவசரபுத்தியும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. என்னிடம் சேர்ந்திருந்தன. அதன் பலனை முக்கூடல் வணிகர் சங்க மண்டபத்தில் மைக்கைப் பிடித்தபடி அனுபவித்தேன்.

முக்கூடல் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அப்போது என் பிழைப்பு. பில் போடுவதற்கு, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, வைரஸ் தடுப்பு விற்கும் ஒரு நிறுவனம் அறிக்கை விட்டது. ஓப்பன் சோர்ஸின் உள்விவரம் ஊருக்கே திறந்து கிடக்கிறது, வைரஸ் புகுவது சுலபம், எச்சரிக்கை என்று. (அதன் அடியிலேயே அவர்கள் சரக்கின் தள்ளுபடி விலையும் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?) அறிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றி, சங்கத் தலைவர் செல்லையா அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்தது.

"தம்பி, கடைக்காரங்க பயப்படுதாங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல வந்து வெளக்கிச் சொல்லும். அவங்களுக்குத் திருப்தி இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

சோறு போடும் வேலை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டைக்கூட நடந்துகொண்டே சாப்பிட்டேன். ஊரையே கூட்டிப் பதில் சொல்வது என்று அன்றே நோட்டீஸ் அடித்தேன். ஓப்பன் சோர்ஸ், வைரஸ் என்றெல்லாம் எழுத மனசு வரவில்லை. நல்ல தமிழில் எழுதினேன்:

"திறந்த மூலமா? அஞ்ச வேண்டாம்! கிருமி தாக்காது. நேரடிச் செயல்விளக்கம். அனுமதி இலவசம்."

யாரிடமாவது ஒரு தடவை காட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் ஏது பொறுமை.

வெள்ளிக்கிழமை, முன்வரிசையில் கடைக்காரர்கள். பின்னால் முன்பின் தெரியாத பெருங்கூட்டம். நாற்காலிகள் காலியாக இருந்தும் பலர் சுவரோரம் நின்றார்கள். என்ன ஆர்வம் என்று எனக்குப் புல்லரித்துப் போனது.

ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தொறந்து கெடந்தா கிருமி ஏறாதாய்யா?"

"மூடி மறைக்கதுதான் ஆபத்து ஐயா. தொறந்து வச்சா நாலு பேரு பாப்பாங்க. பாத்தாத்தான் சீக்கிரம் சரியாகும்."

"நாலு பேரு பாக்கணுமா?"

"உலகமே பாக்கலாம். வெளிநாட்டுக்காரங்களும் பாக்காங்க."

பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பின்னால் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"நேரடிச் செயல்விளக்கம்னு போட்டிருக்கே, யாருக்குவே செய்யப் போறீரு?" என்று வேறொருவர் கேட்டார்.

"விருப்பப்பட்டவங்க வாங்க. இங்கன மேசையிலயே தொறந்து காட்டுதேன்."

ஒருவரும் அசையவில்லை. சுவரோரம் நின்ற ஒருவர் கும்பிட்டார். "மருந்து மட்டும் குடுங்க டாக்டரய்யா, போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. "ஐயா, இது அந்த மூலம் இல்ல. கம்ப்யூட்டர் மூலம்" என்றேன் மைக்கில்.

"கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருந்தா வரத்தான் செய்யும்" என்றார் பெரியவர், அனுதாபத்தோடு.

மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, "பைய உக்காரும்" என்றார்.

"என்னால உக்கார முடியாது அண்ணாச்சி."

மண்டபமே உச்சுக்கொட்டியது. அண்ணாச்சி மைக்கை வாங்கினார். "இவ்வளவு உபத்திரவத்தோட நின்னுக்கிட்டே பேசுதான். இவன் பொய் சொல்ல மாட்டான். இவன் போட்டது அப்படியே இருக்கட்டும்." கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். வேலை பிழைத்தது, மானம் போனது.

அடுத்த வருஷம் வள்ளியூரில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா செல்லையா அண்ணாச்சிக்குத் தூரத்து உறவு. வந்தவர்களுக்கெல்லாம் வெறும் நாற்காலி, என் நாற்காலியில் மட்டும் ஒரு தலையணை. அதன் மேலேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். அதையே கல்யாணத்தன்று மணவறையிலும் போட்டுவிட்டார்கள்.

கல்யாண ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் மகள், "அப்பாவுக்கு மட்டும் எதுக்கும்மா தலகாணி?" என்று கேட்கிறாள்.

என் மனைவி முகம் மாறாமல் சொல்கிறாள்: "உங்கப்பா சாஃப்ட்வேர்ல்லா? அதான் சாஃப்டா போட்டிருக்கு."