கிட்டார் கட்டிலுக்கடியில் போன வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி, 'இடி' அவர்கள் தமது மெட்டல் கிட்டாரைக் கீழே வைத்ததுதான். வைத்த இடம் கட்டிலுக்கு அடியில். அங்கே ஏற்கெனவே பழைய டேபிள் ஃபேன் ஒன்று படுத்திருந்ததால் கிட்டாரின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களின் கணுக்காலைப் பதம் பார்த்தது.

'இடி' என்பது ரசிகர்கள் சூட்டிய பெயர் என்று அவர் சொல்வார். ரசிகர்கள் என்றால் அவரையும் சேர்த்துத்தான். 'பிணவறை' என்ற, காதைக் கிழிக்கும் மெட்டல் இசைக்குழுவில் அவர் முன்னணிக் கிட்டார். கறுப்புச் சட்டை, இடுப்பு வரை முடி. மேடை ஏறிவிட்டால் ஒலியை உச்சத்தில் வைத்து, தலையைத் தொங்கவிட்டு, முடியால் முகத்தை மூடி, போதாததற்குக் கண்ணையும் மூடிக்கொண்டுதான் வாசிப்பார். இதில் ஒரு வசதி இருந்தது. கூட்டம் எழுந்து போவது தெரியாது.

பிறகு குழு 'தற்காலிக ஓய்வு' எடுத்தது. அதாவது, டிரம்ஸ்காரருக்குக் குழந்தை பிறந்துவிட்டது. அது தூங்க வேண்டியிருந்தது. உறுமிப் பாடுகிறவரை இனி வாயே திறக்கக் கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். தனித்து நின்ற இடி அவர்கள் ஆழ்ந்து சிந்தித்து, எலெக்ட்ரானிக் நடன இசைக்கு மாறும் முடிவை உலகுக்கு அறிவித்தார். உலகம் அப்போது சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது.

"டீஜேயா?" என்றார் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். வலி தெரியாமல் பிடுங்கப் பழகியவர். "பட்டன் அமுக்குறவனெல்லாம் கலைஞனான்னு போன வருஷம் நீங்கதானே கத்தினீங்க?"

"அது அமுக்குறவனைப் பத்தி. நான் அமுக்க மாட்டேன். தொடுவேன்."

"சரி, தொடுங்க. அப்படியே போனைத் தொட்டு அந்த வாஷிங் மெஷினுக்கு ஆள் வரச் சொல்லுங்க. குதிச்சுக் குதிச்சு ஹாலுக்கே வந்துடுது."

இடி அவர்கள் போனை எடுத்தார். மெக்கானிக்கைக் கூப்பிட அல்ல. மெஷின் 'கடக் மடக் பொத்' என்று குதிப்பதைப் பதிவு செய்துகொள்ள. "இதுதான் இந்த நூற்றாண்டின் தாளம்" என்றார். மனைவி ஈரத் துணியைப் பிழிந்த விதத்தில் வேறொரு தாளம் இருந்தது.

செய்தி மனைவியின் அண்ணனுக்குப் போயிற்று. அவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தங்கை வீட்டுக்காரரைக் கரையேற்றுவதை வாழ்நாள் லட்சியமாகக் கொண்டவர்.

"மாப்ளே, பாத்ரூம் செக்‌ஷன்ல ஒரு சீட் காலியா கிடக்கு. உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

"மச்சான், உடற்பயிற்சிக்கூடம் ஒண்ணு திறக்கிறாங்க. திறப்பு விழாவுக்கு நான்தான் டீஜே. நல்லாப் போச்சுன்னா வாராவாரம் எனக்குத்தான்."

"போகலைன்னா?"

"டைல்ஸ்."

"முடிய வெட்டிட்டு வரணும். கஸ்டமர் பயந்துடுவாங்க."

முடி என்றதும் இடி அவர்கள் அதை ஒரு முறை தடவிக்கொடுத்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கலையின் உயிர்நாடி 'டிராப்'. இசை ஏறி, ஏறி, உச்சியில் ஒரு கணம் மூச்சைப் பிடித்து நின்று, பிறகு திமுதிமுவென்று விழும் இடம். அந்த இடத்தில் டீஜே இரண்டு கைகளையும் வானை நோக்கி உயர்த்த வேண்டும். பீரோ கண்ணாடி முன் நின்று அவர் இதைக் கடுமையாகப் பயிற்சி செய்தார். சீலிங் ஃபேனில் விரல் பட்ட பிறகு, உட்கார்ந்து பயிற்சி செய்தார்.

விழா காலையில். புது ரப்பர் விரிப்பின் வாசனை. டிராக் பேன்ட் அணிந்த உறுப்பினர்கள், ஓரமாக மனைவி, அவர் பக்கத்தில் கையில் டைல்ஸ் கேட்டலாக்குடன் மச்சான். இடி அவர்களின் மேசைக் கருவியில் இரண்டு பக்கங்கள். இடது பக்கம் ஓடுவது கூடத்துக்குக் கேட்கும். வலது பக்கத்தில் அடுத்த பாட்டைத் தன் ஹெட்போனில் மட்டும் கேட்டுத் தயார் செய்துகொண்டு, நடுவிலிருக்கும் குமிழை வலப்புறம் தள்ள வேண்டும். தள்ளினால்தான் அது கூடத்துக்குப் போகும். இவ்வளவுதான் மொத்த வித்தை.

ஸ்பீக்கரைச் சோதிக்க இடது பக்கம் மெஷின் தாளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். கடக் மடக் பொத். பிறகு ஹெட்போனை மாட்டினார். பழக்கதோஷத்தில் ஒலியை உச்சத்தில் வைத்தார். தலையைத் தொங்கவிட்டார். முடி முகத்தை மூடியது. கண்ணையும் மூடிக்கொண்டார்.

குமிழைத் தள்ளவில்லை.

அடுத்த முக்கால் மணி நேரம் அவர் வாசித்தது உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிணவறையின் பழைய கிட்டார் மெட்டு ஒன்றை எடுத்து, நடன தாளத்துக்குள் கரைத்து, ஒரு டிராப்பில் அதைத் திரும்ப எழுப்பியபோது அவருக்கே கண் கலங்கியது. இதற்குச் சாட்சி ஒரே ஒருவர். அது அவர்தான்.

கூடத்தில் கேட்டது கடக் மடக் பொத்.

உறுப்பினர்கள் கொஞ்ச நேரம் முழித்தார்கள். மேடையில் ஒருவர் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். திடீரென்று இரண்டு கையையும் மேலே தூக்குகிறார். இடமோ உடற்பயிற்சிக்கூடம். வேறென்ன நினைப்பார்கள்?

"பார்த்துக்கிட்டே நிக்காதீங்க, அவர் செய்றதை அப்படியே செய்யுங்க!" என்று கூடத்தின் உரிமையாளர் கத்தினார். ஊரே கழுத்தை ஆட்டியது. ஊரே கை தூக்கியது.

"மாஸ்டர், கழுத்து போதும், இடுப்புக்கு எப்போ?" என்று ஒரு பருத்த மனிதர் கேட்டது ஹெட்போனைத் தாண்டவில்லை.

இடி அவர்கள் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் திறந்தபோது கூட்டம் போகாமல் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறை. அத்தனை பேரும் வியர்த்துக் கொட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"பாட்டுப் போட்டுக் கவனத்தைக் கலைக்கிறவங்களைத்தான் பார்த்திருக்கேன் சார். நீங்க ஒத்தைத் தாளத்துல அத்தனை பேரையும் பெண்டு நிமித்திட்டீங்க. வாராவாரம் வந்துடுங்க. இதே மாதிரித் தாளம்தான், வாரத்துக்கு ஒண்ணு. இன்னும் நீளமா."

இடி அவர்கள் மெதுவாகக் குமிழைப் பார்த்தார். அது இடது பக்கமே நின்றது. ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ ஏறி, ஏறி, பிறகு விழுந்தது.

"மினிமலிசம் சார். கம்மியா கொடுக்கிறதுதான் கலை," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டார், "ஏங்க, நம்ம மெஷினை எதுக்கு அவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"உனக்குப் புரியாது. அது ஒரு பரிணாமம்."

"நல்லவேளை. இன்னிக்கு சாயங்காலம் மெக்கானிக் வர்றாரு. அண்ணன்தான் சொல்லி அனுப்பியிருக்காரு."

மெக்கானிக் கைராசிக்காரர். மெஷின் இப்போது பூனை மாதிரி ஓடுகிறது.

ஆகவே, மச்சான் கடைக்குத் தலைமுடியோடு சேர்த்துத் தலைவணங்க மறுத்த அந்தத் தன்மானக் கலைஞர், புதுத் தாளம் தேவைப்படும்போதெல்லாம் மெஷினுக்குள் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் போட்டுச் சுற்றவிடுகிறார். துண்டு, பாத்ரூம் செக்‌ஷனில் மச்சானிடம் கேட்டு வாங்கியது.