பனித்துளிப் பசையும் பக்தியில்லாத நாயும்

பூட்டிக் கிடந்த நாற்காலிக் கடை முன்னால் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. நாற்காலி விற்ற காலத்தில் இதில் கால்வாசிப் பேர் வந்திருந்தால் அந்தக் கடை மூடியிருக்காது. இப்போது உள்ளே நாற்காலி இல்லை. பனி ஐயா இருந்தார்.

விடியும் முன்னே எழுந்து, பூக்களின் மேல் விழுந்த பனித்துளிகளைச் சேர்த்து, தன் மூச்சை ஊதிப் பசையாக்குவாராம். அதைப் பூசினால் சொரசொரத் தோல் மெத்தென்று ஆகிவிடும். ஒரே நிபந்தனை, நம்பிக்கை வேண்டும். பலித்தால் ஐயாவின் மூச்சு. பலிக்காவிட்டால் பூசியவளின் அவநம்பிக்கை. இரண்டு பக்கமும் அவரே ஜெயிக்கிற விளையாட்டு. தோற்பதற்குத்தான் வரிசையில் நின்றோம்.

நின்றோம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

நாங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள். சித்தி இஸ்திரி மேசையில், நான் அலசும் தொட்டியில். சலவைத்தூளும் கொதிநீரும் சேர்ந்து எங்கள் கைகளை உப்புத்தாளாக்கியிருந்தன. சித்திக்கு ஐம்பத்தெட்டு வயது. அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தால் முடி கையில் மாட்டிக்கொண்டு வரும்.

அந்தக் கைகள்தான் ஒரு மாதத்தில் மாறிப்போயின.

"தொட்டுப் பாருடி. கன்னத்துல வச்சுப் பாரு. எப்படி இருக்கு?"

"மெத்துனுதான் இருக்கு சித்தி."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீயும் பூசு."

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் சோதனை என்றால் என்ன என்று அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றுக்கு மருந்து போடு, ஒன்றை விட்டுவிடு, ஒப்பிட்டுப் பார். நான் இடது கைக்கு மட்டும் பூசினேன். தினமும் குறித்துவைத்தேன். மூன்று வாரத்தில் இடது கை பக்தையாகிவிட்டது. வலது கை நாத்திகமாகவே இருந்தது.

எனக்குக் குழப்பம். நான் நம்பவே இல்லையே, எப்படிப் பலித்தது? எனக்கே தெரியாமல் என் இடது பாதி நம்பிவிட்டதோ என்று ஒரு வாரம் என்னையே சந்தேகப்பட்டேன். பசையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

இதற்கிடையில் சித்திக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன மாதவிலக்கு திரும்பி வந்தது.

பயப்பட வேண்டிய விஷயம். சலவைக்கூடத்தில் கைதட்டினார்கள். "எங்க சித்திக்கு இளமை திரும்பிடுச்சு!" பனி ஐயா அதை மைக்கிலேயே சொன்னார். அன்றுமுதல் சித்திக்கு முன்வரிசை. புதிதாக வருகிறவர்களிடம் எழுந்து நின்று சாட்சி சொல்வது அவள் வேலை. உயிரோடு நடமாடும் விளம்பரப் பலகை. பலகைக்குத்தான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

முதல் மாதம் நான்கு நாள். அடுத்த மாதம் ஒன்பது. அதற்கடுத்து பதினேழு. குறித்துவைத்திருக்கிறேன்.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாம் சித்தி. நாம துவைக்கிறதே அவங்க போர்வையத்தானே?"

"எதுக்கு? திரும்பவும் என்னைக் கெழவியாக்கவா? உனக்குப் பொறாமைடி."

பொறாமைதானோ? அதையும் குறித்துக்கொண்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

அந்தக் கேள்விக்குறியை அழித்தது ஒரு நாய்.

சலவைக்கூட வாசலில் அது படுத்திருக்கும். வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்பதால் மேனேஜர் என்று பெயர். சித்தி தினமும் அதற்கு ரொட்டி கொடுப்பாள். ரொட்டி தீர்ந்ததும் அது சித்தியின் கையை விரலிலிருந்து முழங்கைவரை நக்கும். சித்தி பசை பூசுவதும் முழங்கைவரைதான்.

ஒருநாள் போர்வை மடிக்கிற அக்கா குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏய், மேனேஜர் ஆம்பளதானே? இங்க வந்து பாருங்கடி, குட்டி போட்டுப் பால் குடுக்கப்போற மாதிரி இருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். வயிற்று முடி உதிர்ந்து, மடிக்காம்புகள் வீங்கியிருந்தன. சிரிப்பு நின்றது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவன் யார் கையை நக்குறான்? ஹார்மோன் க்ரீம் பூசுறவங்க யாரு?"

"க்ரீம் எல்லாம் யாரும் பூசல டாக்டர். பனித்துளிப் பசைதான்."

"பனியில ஆண் நாய்க்கு மார்பு வளராதும்மா." அவள் சிரிக்கவில்லை. "ஈஸ்ட்ரோஜனா இருக்கும். பெண் ஹார்மோன். டாக்டர் அளந்து குடுக்குற மருந்து. பூசினா தோல் மெதுவாகும், அது பொய்யில்ல. ஆனா தோலோட நிக்காது. ரத்தத்துல கலந்து கர்ப்பப்பை உள்தோலைத் தடிக்க வைக்கும். விட்டா புத்துநோய்வரைக்கும் போகலாம். பூசின கையால குழந்தையத் தூக்கினா குழந்தைக்கும் ஒட்டும். உங்கள்ல யாருக்காவது நின்னுபோனது திரும்பி வந்திருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாயை விடு, தேறிடும். முதல்ல அவங்களை இழுத்துட்டுப் போ. கைக்கு ரப்பர் உறையும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியும் போதும்."

சித்தியை இழுப்பது அத்தனை சுலபமா? "நாய் டாக்டர் சொன்னாளா? நான் என்ன நாயாடி?" என்று இஸ்திரிப்பெட்டியை ஓங்கி வைத்தாள். அவள் பனி ஐயா சொன்னால்தான் கேட்பாள். சரி, பனி ஐயாவையே சொல்ல வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மடிக்கிற அக்காவையும் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நாற்காலிக் கடைக் கூடம் நிறைந்திருந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, நம்பாதவங்களுக்குப் பலிக்காதுன்னு சொன்னீங்க. இந்த நாய் நம்புதுங்களா? இதுக்கும் பலிச்சிருக்கு."

மேனேஜர் சமயமறிந்து மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டியது. கூட்டம் சிரித்தது. ஐயா அதைவிட அழகாகச் சிரித்தார்.

"மகளே, மனுஷனைவிட நாய்க்குத்தான் நம்பிக்கை அதிகம்."

ஒரே கைதட்டல். சித்திதான் ரொம்ப நேரம் தட்டினாள்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இரவெல்லாம் ஒரே கேள்வியைத்தான் தயார் செய்திருந்தேன். இரண்டாவது கேள்வி என்று ஒன்று வேண்டும் என்று தோன்றவில்லை. உட்காரப் போனேன். அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். பசையை வழித்துக் கொடுக்கும் அந்தக் கைகளில் முழங்கைவரை ரப்பர் உறை. கையுறை தேவைப்பட்டவர்கள் நாங்கள். போட்டிருந்தவர் அவர்.

"அப்ப உறையைக் கழட்டிட்டுப் பூசிக்கோங்க ஐயா. உங்க மூச்சுதானே? கையில, கழுத்துல, நெஞ்சுல. ஒரு மாசம் பூசுங்க, நாங்க பார்க்கிறோம்."

"எனக்கெதுக்கு மகளே? என் தோல்தான் நல்லா இருக்கே."

இங்கேதான் என் திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தது. என்னை அடிக்க வருவார்கள் என்று பயந்திருந்தேன். அவர்களோ கண்கலங்கிப் போனார்கள். ஐயாவுக்குப் பசை பூசுவதா! இத்தனை நாள் இந்தப் பாக்கியம் நமக்குத் தோன்றவில்லையே!

"நான் பூசுறேன் ஐயா!"

"தள்ளு, நான்தான் முதல்ல வந்தவ!"

டப்பாக்கள் திறந்தன. முப்பது நாற்பது பேர் உள்ளங்கை நிறையப் பசையோடு மேடையில் ஏறினார்கள். எதிரிகளிடமிருந்து தப்பிக்கத் தெரிந்த மனிதருக்குப் பக்தர்களிடமிருந்து தப்பிக்கத் தெரியவில்லை. ஒருத்தி சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். எல்லோருக்கும் முன்னால் சித்தி. அவள் கை அவர் நெஞ்சை நெருங்கியது.

"தொடாத! தொடாதீங்கடி! அது ஹார்மோன்! எனக்கு மார்பு வளர்ந்துடும்!"

மைக் அணைக்கப்படவில்லை. தெருவுக்கே கேட்டது.

அவர் பின்வாங்கித் திரைச்சீலையில் விழ, திரை அவரோடு வந்தது. பின்னால் பூக்களும் இல்லை, பனியும் இல்லை. ஒரு வாளி வெள்ளைப் பசை, ஒரு கரண்டி, குவியலாக அலுமினியக் குழாய்கள். கடைசிச் சொட்டுவரை கத்தரியால் வெட்டி வழித்திருந்தார். சிக்கனமான மகான். மடிக்கிற அக்கா ஒரு குழாயை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்: "மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது."

சித்தி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"உங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. "எனக்கு ஆகாதுன்னும் தெரிஞ்சுதானே முன்வரிசையில உட்கார வச்சீங்க?"

ஐயா போலீஸ் வரும்வரை வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை சித்தி தானாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஸ்கேன் எடுத்தார்கள், சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் காத்திருந்தோம். முடிவு வந்தது. உள்தோல் தடித்துக் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது, புற்றுநோய் இன்னும் இல்லை. மாத்திரை, மாதாமாதம் பரிசோதனை. "அரை வருஷம் தள்ளி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்போம்," என்றார் டாக்டர். சித்தி அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மேடையேறியவர்களில் இருவர்.

"பனி ஐயா வச்சிருந்தாரே, அந்தக் குழாய் இருக்குங்களா?"

"டாக்டர் சீட்டு?"

"அதெல்லாம் இல்லைங்க. மூச்சு ஊதாததா இருந்தாலும் பரவாயில்ல."

கடைக்காரர் தர முடியாது என்றதும் அடுத்த கடைக்கு நடந்தார்கள். பிடிபட்டது ஒரு பனி ஐயா. அவரைச் செய்து தருகிற நாம் அப்படியே இருக்கிறோம். தோலைத் தடவித் தடவிப் பார்க்கிற கையால், அதற்கு மேலே இருக்கிற தலையை ஒருமுறையாவது தட்டிப் பார்த்தால் என்ன?