உள்ளங்காலில் உலகம் காண்பவர்

காரியம் ஆக வேண்டும் என்பதற்காகக் காலைப் பிடிப்பவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒரு காரியமும் இல்லாமல், கூப்பிடாமலே வந்து, "கால நீட்டுங்க" என்று பிடிப்பவர் தனி இனம். அலுவலகத்துக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர், சொந்தக்காரர் கூடும் இடத்தில் குறைந்தது இருவர் என்று இவர்கள் பரவியிருக்கிறார்கள். தலைவலி என்று வாய்தவறி ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். வாயை மூடுவதற்குள் உங்கள் செருப்பு ஒரு பக்கம் கிடக்கும், கால் அவர் மடியில் இருக்கும்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் இருப்பவருக்குப் 'பாதம் சார்' என்று பெயர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்கிறது. ஊரில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் மேசைக்குப் பின்னால் ஊரின் குழாய் வரைபடம் தொங்கியது. ஒருநாள் அதன்மேல் ஓர் உள்ளங்கால் படத்தை ஒட்டினார். கட்டைவிரலில் மூளை, நடுவில் வயிறு, பக்கத்தில் சிறுநீரகம், குதிகாலுக்கு மேலே குடல் என்று மனித உடம்பு முழுவதும் அதில் குடியேறியிருந்தது. அன்று முதல் அவருக்கு ஊரும் ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். இரண்டிலும் ஒரே வியாதி: அடைப்பு.

சிகிச்சைக் கருவி, பென்சிலின் மழுங்கிய முனை. அதை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். அலறுவீர்கள். "பாத்தீங்களா, கல்லீரல்!" என்பார். பென்சிலால் குத்தினால் யாருக்கும் வலிக்காதா என்று கேட்கிறீர்களா? அதெல்லாம் கேட்கக்கூடாது. வலித்தால் அந்த உறுப்பில் கோளாறு, வலிக்காவிட்டால் கோளாறு இல்லை, சாஸ்திரம் அவ்வளவுதான். மறுநாள் தலைவலி நின்றால் அவர் கைராசி. கூடினால், "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி." ஜலதோஷம் தானாக வந்து தானாகப் போனாலும், அதை வழியனுப்பியவர் அவர்தான்.

காலோடு விட்டாலும் பரவாயில்லை. "டாக்டருங்க தலைவலின்னா தலைய மட்டும் பாப்பாங்க. நாங்க முழு மனுஷனையும் பாப்போம்" என்பார். முழு மனுஷன் என்றால் உண்மையிலேயே முழு மனுஷன். எங்கள் காசாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, எந்தப் பக்கம் படுக்கிறார், எதை மென்று தின்கிறார், மாமியாரோடு பேச்சு வார்த்தை உண்டா, வீட்டுக்கண்ணாடி எந்தச் சுவரில் இருக்கிறது என்று வரிசையாக விசாரணை நடந்தது. கடைசியில் காசாளரே, "சார், மூட்டைய தூக்கினேன், பிடிச்சிருச்சு. எங்க மாமியார் பாவம், அவங்கள விட்டுடுங்க" என்று கெஞ்சினார்.

ஆனாலும் அவரைப் பிடிக்காதவர் அலுவலகத்தில் யாரும் இல்லை. காரணம் சொல்லட்டுமா? ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த காலை ஒருவர் மடியில் வாங்கி, எண்ணெய் தொட்டு, விரல்விரலாகப் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது? தட்டச்சு செய்யும் அம்மாள் அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனார். நோய் போனதோ இல்லையோ, அலுப்பு போனது. கைம்மாறாக அவர் கேட்டதெல்லாம் ஒரு தலையசைப்புதான்.

தன் உடம்பைப் பற்றி அவருக்கு இருந்த பெருமைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். மதிய இடைவேளையில் காலை மேசைமேல் தூக்கிவைத்து, "எங்க வேணா குத்துங்க. வலிக்குதான்னு பாருங்க" என்பார். காசாளர் பழைய பகையை மனத்தில் வைத்துக் குத்தினார். நானும் குத்தினேன். அவர் புன்னகை மாறவில்லை. "ஒரு உறுப்புல கூடக் கோளாறு இல்ல. போன வருஷம் கூட வலிச்சுது. இப்ப பாருங்க, சுத்தம்!" நாங்கள் எங்கள் கால்களைப் பார்த்து வெட்கப்பட்டோம்.

அவருக்குத் தாகம் அதிகமானது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். உடம்பு கேட்டு வாங்குகிறதாம். அடிக்கடி எழுந்து போனார், கழிவு வெளியேறுகிறதாம். சட்டை தொளதொளத்தது, உடம்பு லேசாகிறதாம். அவர் மனைவி தையல்காரர். காலாகாலத்தில் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொடுத்தவர் அவர்தான். "ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணுங்களேன்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. "என் கால விடவா ரத்தம் சொல்லிடப்போகுது?" என்று இவர் சிரிக்காத நாளும் இல்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழேயிருந்து அந்த அம்மாளின் சத்தம் கேட்டு ஓடினேன். பாதம் சார் கையில் செம்போடு நின்றுகொண்டிருந்தார். தையல் மெஷினிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் தரையெல்லாம் ரத்தச் சுவடு.

"என்னங்க, காலு! கால பாருங்க!"

"எந்தக் காலு?" என்று கேட்டார் மனிதர்.

குதிகாலில் ஊசி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. வீடு முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். அதே காலில்தானே நான் பென்சிலால் குத்திவிட்டுப் பொறாமைப்பட்டேன்?

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஊசியை எடுத்துக் கட்டுப்போட்டு, விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய இழை. "கால்ல தொடுவேன். தொடும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்க."

கட்டைவிரலில் தொட்டார். நடுப்பாதத்தில் தொட்டார். குதிகால் ஓரம், சுண்டுவிரல் அடி, இன்னொரு கால் என்று எல்லா இடத்திலும் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். பாதம் சார் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"ஆரம்பிங்க டாக்டர்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முடிச்சுட்டேன் சார். சர்க்கரை ரொம்ப நாளா ஏறி நரம்பு மரத்துப்போச்சு. இந்தக் காயம் சீழ் வச்சிருந்தா கால எடுக்கவேண்டி வந்திருக்கும். இனிமே தினமும் மாத்திரை, தினமும் கால் பரிசோதனை."

அவர் கண்ணைத் திறந்து தன் பாதத்தை வெகுநேரம் பார்த்தார். வேறு யாருடையதோ போலப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வலிக்கலைன்னா சுத்தம்னு நெனச்சேனே டாக்டர்" என்றார். ஊருக்கெல்லாம் கால் பார்த்தவர் சொன்ன ஒரே உண்மையான நோய்க்குறிப்பு அது.

இப்போது தினமும் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் இடுக்கெல்லாம் பார்த்துத் துடைத்துவிடுகிறார். அவர் பிடிக்கும் பிடியில் பரிவு பாதி, திட்டு பாதி. காயம் ஆறிவிட்டது. மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார். திருந்திவிட்டாரா என்கிறீர்களா? நல்ல கேள்வி. போன வாரம் அலுவலகத்துக்கு ஒரு தூண்டில் நரம்பு வாங்கிவந்திருக்கிறார். "கண்ண மூடுங்க, செருப்ப கழட்டுங்க." இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். மச்சானோ, சித்தப்பாவோ, மேலதிகாரியோ. 'இத அவருக்கு உடனே அனுப்பணும், அவருக்குத்தான் தேவை' என்று கை பரபரக்கும். பரபரக்கட்டும். அடுத்தவர் உடம்புக்கு என்ன தேவை என்று உங்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது இல்லையா? அந்த இனத்துக்கு அதுதான் முதல் அறிகுறி. அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்கள்?