பெட்டியை எடுத்துப்போக வர வேண்டாம், சம்பந்தி

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே நானும் என் வீட்டம்மாவும் தங்கள் மகளும் மாப்பிள்ளையும் சேதாரமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி மட்டும் சுகமில்லாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன்.

நிற்க. போன மாதம் நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். ‘தங்கள் மகள் கல்யாணத்துக்குப் பிறகு கொண்டுவந்த வானொலிப் பெட்டியையும் மொட்டைமாடியில் அவள் கட்டியிருக்கும் ஏரியல் கம்பியையும் தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போனால் குடும்ப அமைதிக்கு நல்லது’ என்று எழுதியிருந்தேன், உண்மைதான். அதற்காக, வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று பதில் போட்டுவிடுவதா? அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் கடிதத்துக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் நடவடிக்கை எடுத்ததே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். ஆகவே, பெட்டி எங்கும் போகாது. வண்டி வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதே தாங்கள்தான். ஆனால் இங்கே அதை எப்படிப் புழங்குகிறாள் என்று தெரிய வேண்டுமல்லவா? கண்ணாடிக் கடையில் ஊராரின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு வீட்டுக்கு வருவாள், கை கால் கழுவுவாள், கணினியைப் பெட்டியோடு கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இவள் தட்டச்சு செய்வதைப் பெட்டி ஒரு சத்தமாக மாற்றி வானத்தில் விடும், எங்கோ இருக்கிற இன்னொரு பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு மறுபடியும் எழுத்தாக்கும். சத்தம் என்றால் சாமானியச் சத்தமில்லை, ஜலதோஷம் பிடித்த சில்வண்டு மாதிரி. “போன் இருக்கிறப்ப எதுக்கும்மா இந்தக் கூத்து?” என்று கேட்டேன். “போன் இல்லாதப்ப வேணுமே மாமா” என்றாள். “போன் எப்படிம்மா இல்லாமப் போகும்?” என்றேன். கேட்ட வாய்க்குச் சர்க்கரை போட வேண்டியதில்லை, புயலே போட்டுவிட்டது.

இதற்கிடையில் கீழ்வீட்டுக்காரர் தொல்லை வேறு. எங்களிடம் வாடகைக்கு இருப்பவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார், ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுத்தருவார், தன் வாய்க்கு மட்டும் போடமாட்டார். “உங்க மருமக கம்பியாலதான் சார் என் டிவியில படம் ஆடுது” என்று தினமும் படியேறி வருவார். டிவி ஆடியது அவர் வீட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை என்பதால். இருந்தாலும் கம்பி விஷயத்தில் நானும் அவரும் ஒரே கட்சி. நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான், அதையும் உங்கள் மகள் கெடுத்துவிட்டாள்.

புயல் அடித்தது தங்களுக்குத் தெரியும், தங்கள் பதில் இங்கே வந்து சேர்ந்த மறுநாள்தான். மின்சாரம் போயிற்று, பின்னாலேயே போன் கோபுரமும் சாய்ந்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர். என் மகன், தங்கள் மாப்பிள்ளை, வேலைக்குப் போனவன் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். தெருவில் எல்லோரும் செல்போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், ஒருவருக்கும் ஒரு புள்ளிகூட வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் சில்வண்டு கத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய வானொலிச் சங்கத்தார் முறைபோட்டு உட்கார்ந்து, எந்த முகாமுக்குப் பால் பவுடர் வேண்டும், எந்தத் தெருவில் மரம் விழுந்திருக்கிறது என்று செய்தி அனுப்பியபடி இருந்தார்கள். நானும் அவள் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் எழுத்து ஒவ்வொன்றாகத் தத்தித் தத்தி வந்தது. எங்கள் அலுவலகக் கோப்பு நகர்ந்த வேகம்தான், ஆனால் இது போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மதியம் தெருமுனைப் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தாள். “கீழ்வீட்டு அக்காவுக்குக் குழந்தை பொறந்திருச்சு, ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஓ நெகட்டிவ். எங்ககிட்ட ஒரு பைகூட இல்ல, ரத்த வங்கி ஆத்துக்கு அந்தப் பக்கம். மாடியில கம்பி கட்டியிருக்கிற வீட்டுக்கு ஓடுன்னு டாக்டரம்மா சொன்னாங்க” என்றாள். எங்கள் கீழ்வீட்டுக்காரரின் மனைவிதான், சம்பந்தி. நல்ல பெண். புருஷன் படியேறி வந்து கத்திவிட்டுப் போனால், பின்னாலேயே வந்து “மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறவள்.

“செய்தியை எழுதிக் குடுங்க, அனுப்பறேன்” என்றாள் தங்கள் மகள். நர்ஸ் பேனாவை என் பக்கம் நீட்டினாள். எழுதுவதென்றால் இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் யார்? பேனாவை வாங்கினேன், எழுதினேன். ‘பெறுநர்: ரத்த வங்கி மேலாளர் அவர்கள். பொருள்: ரத்தம் கோருதல் தொடர்பாக. பார்வை: ஏதுமில்லை. ஐயா, மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்…’ பக்கம் நிறைந்தது. டாக்டரம்மாவுக்காக நர்ஸ் கையெழுத்தும் போட்டுவிட்டாள். மருமகள் வாங்கிப் படித்தாள். மேலும் கீழும் பார்த்தாள். “மாமா, இதுல ரத்தம் எந்த இடத்துல வருது?” என்றாள். “மூன்றாவது பத்தியில்” என்றேன். முறைப்படி அங்கேதான் வர வேண்டும்.

“நீயே சுருக்கி அனுப்பும்மா” என்று விட்டுக்கொடுத்தேன். மாட்டேன் என்றுவிட்டாள். “எழுதிக் குடுத்தபடிதான் போகணும் மாமா, அது எங்க வழக்கம். நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. பேட்டரி வேற சாகப்போகுது. நீங்களே வெட்டுங்க, நர்ஸ் பார்த்துச் சரின்னு சொல்லட்டும்.” அதிலும் நியாயம் இருக்கிறது. நாலு கை மாறிப் போகிற செய்தியில் ஆளுக்கொரு சொல்லைத் திருத்தினால், ரத்தம் கேட்ட இடத்துக்கு ரம்பம் வந்து சேரும். வெட்டினேன், சம்பந்தி. மேலான கவனத்தை வெட்டினேன். பணிவை வெட்டினேன். ‘யாதெனில்’ போயிற்று. ‘தொடர்பாக’வை வெட்டும்போது மட்டும் கை வரவில்லை, ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட சொல் அது. நர்ஸ் பக்கத்தில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். அதையும் வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘ஓ நெகட்டிவ் ரத்தம் நாலு பை உடனே வேண்டும். பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு. ஆற்றங்கரைத் தெருப் பிரசவ ஆஸ்பத்திரி. படகில் அனுப்பவும்.’ நான் எழுதியதிலேயே சின்னது இதுதான். நான் எழுதியதிலேயே நல்லதும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அனுப்பலாம் என்று பார்த்தால் காலைக் காற்றில் கம்பியின் முட்டுக்கால் சரிந்து, கம்பி துணிக்கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. என் வீட்டம்மா ஒட்டடைக் கம்பை எடுத்து என் கையில் கொடுத்து, “மேல போய்த் தூக்கிப் பிடிங்க, இத்தனை வருஷமா ஒட்டடை அடிக்கச் சொன்னப்பதான் தொடல” என்றாள். போனேன். தூறலில், மொட்டைமாடியின் நட்டநடுவில், ஒட்டடைக் கம்பின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் கம்பி, இந்த நுனியில் நான். கீழே ஜன்னல் வழியாகச் சில்வண்டு கத்துவது கேட்டது. முதலில் வாயால் பேசிப் பார்த்தாளாம், இரைச்சலில் ஒரு சொல்லும் தேறவில்லையாம். எழுத்தென்றால் இரைச்சலுக்கு அடியிலேயே புகுந்து போய்விடும் என்றாள். போகட்டும் என்று நின்றேன். கை கடுத்தது. மாற்றுக்கையால் பிடித்தேன். அதுவும் கடுத்தது.

அக்கரையில் இருந்த சங்கத்தாருக்கு எங்கள் சத்தம் எட்டவில்லை. மலைமேல் பேக்கரி வைத்திருக்கும் ஒருவருக்குத்தான் எட்டியது. சங்கத்தில் அவரைப் பன் அண்ணன் என்பார்கள். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் செய்தியை அக்கரைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். ஆனால் அது எங்களுக்குத் தெரிய வேண்டாமா? பதில் வருகிற நேரம் பார்த்து இங்கே பேட்டரி உயிரை விட்டது. “பேட்டரி! பேட்டரி!” என்று இவள் கத்த, கீழ்வீட்டுக்காரர், ஆமாம், அதே மனுஷன், பெண்டாட்டி அங்கே கிடக்கிறாள், ஆஸ்பத்திரியில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள், நடைபிணமாக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து ஓடி, தன் பயிற்சிக் காரின் பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். அந்தக் காரை வேறு யாரும் தொட்டால் கையை ஒடிப்பார். “இந்தாம்மா, எடுத்துக்கோ, காரே வேணும்னாலும் எடுத்துக்கோ” என்றாராம்.

நான் மேலே நின்றுகொண்டிருக்கிறேன். கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கம்பை இறக்கினால் அந்தப் பெண் போய்விடுவாள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் தங்கள் மகளின் குரல் வந்தது. “மாமா! ரத்தம் கெளம்பிருச்சு! தீயணைப்புப் படகுல வருது! கம்பை இறக்காதீங்க!” சம்பந்தி, தங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் அழுதேன். என் அப்பா போனபோதுகூட வந்தவர்களைக் கவனிக்க வேண்டுமென்று அழாமல் நின்றவன், ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். நல்லவேளை, தூறல் இருந்தது.

படகு தெருமுனை வரைக்கும் வந்தது. ஐஸ்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தீயணைப்புக்காரர் ஓடியதை நான் மாடியிலிருந்தே பார்த்தேன். தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, நல்ல கனம், நல்ல தொண்டை. கீழ்வீட்டுக்காரர் இப்போதும் தினமும் படியேறி வருகிறார், கம்பி விறைப்பாக இருக்கிறதா என்று பார்க்க. பிள்ளைக்கு உங்கள் மகளுடைய வானொலி அழைப்புக்குறியையே பெயராக வைக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு எழுத்து, ஒரு எண், மறுபடி மூன்று எழுத்து, இந்தப் பெயரோடு அது பள்ளிக்கூடம் போனால் என்ன ஆகும் என்று தங்கள் மகள்தான் கெஞ்சித் தடுத்திருக்கிறாள். எனக்கும் இங்கே பெயர் மாறிவிட்டது. சூப்பிரண்டு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த தெரு இப்போது கம்பி வீடு என்கிறது. கேட்கும்போதெல்லாம் நடையில் ஒரு மிடுக்கு வருகிறது, மறைப்பானேன்?

பெருமையாக இருக்கிறது, சம்பந்தி. வாய்விட்டே சொல்கிறேன், அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில் எனக்குப் பெருமை. பெற்றவர் என்ற முறையில் தங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, தங்கள் மாப்பிள்ளையும் வீடு வந்து சேர்ந்துவிட்டான். வண்டி மட்டும் வேண்டாம், பேருந்திலேயே வாருங்கள். முக்கியமாக, நான் அழுத விஷயமும் கீழ்வீட்டுக்காரரின் பிரேக்கைப் பற்றி எழுதியதும் நம் இருவரோடு இருக்கட்டும். சம்பந்தியம்மாவிடம்கூட மூச்சு விட வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் இளைய மகனுக்கு என் ஆசிகள், அவன் படிப்பும் தங்கள் முழங்காலும் நல்லபடியாக நிமிரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி
(முன்னாள் கண்காணிப்பாளர், இந்நாள் ஒட்டடைக் கம்பு)

பின்குறிப்பு: தபால் நிலையத்துக்குள் இன்னும் தண்ணீர், போனும் வந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்களுக்குச் சேர வேண்டுமே என்று மருமகளிடம் கேட்டேன். “குடுங்க மாமா, சங்கத்துல இன்னிக்குப் பயிற்சி, நீளமா ஒரு செய்தி இருந்தா நல்லதுன்னாங்க” என்று வாங்கிக்கொண்டாள். தங்கள் ஊரில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் சங்கத்துக்காரர் அச்சடித்துக் கொண்டுவந்து தருவார். பாதிக்கு மேல் போன பிறகுதான், “உறையில் போட்டு ஒட்டித்தானே அனுப்புகிறாய்?” என்று கேட்டேன். வானொலியில் உறையே கிடையாதாம். யாருக்கும் புரியாதபடி மறைத்து அனுப்புவது சட்டப்படி தப்பாம். இவள் தட்டத் தட்ட, பெட்டி வைத்திருக்கிற அத்தனை பேர் வீட்டுத் திரையிலும் நான் எழுதியது ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி கொண்டுவந்த கீழ்வீட்டுக்காரர் இவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, “பாருங்க சார், பிரேக் போட்டுட்டேன், ஒண்ணும் சொல்லல” என்கிறார். பன் அண்ணன், மாடியில் அழுத பத்தி இரைச்சலில் விட்டுப்போயிற்று, மறுபடி அனுப்பவும் என்று கேட்டிருக்கிறார். மானம் கப்பலேறுவது கேள்விப்பட்டிருக்கிறேன், வானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. நிறுத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் திரையில் இன்னொரு வரி வந்தது. எந்த ஊரோ தெரியாது, யாரோ ஒரு பெண்: ‘எங்க வீட்லயும் கம்பியைக் கழற்றச் சொல்றாங்க. இதை அச்சடிச்சு எங்க மாமாகிட்ட குடுக்கலாமா?’ கொடுக்கச் சொல்லிவிட்டேன், சம்பந்தி. முழுசாகக் கொடு, அழுததையும் சேர்த்துக் கொடு என்று சொல்லிவிட்டேன்.