கீழ்ப்பதில் காத்த பெருமகனார்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அப்போதும் காட்டுமிராண்டியாகத்தான் இருந்தான். மின்மடலில் பதிலைக் கேள்விக்குக் கீழேதான் எழுதவேண்டும் என்று கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அவனுக்கு நாகரிகம் வந்தது. இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவென்றே பிறந்தவர் நம் மட்டுறுத்துநர்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கான மின்மடல் குழு ஒன்றை அவர் கட்டி மேய்த்துவந்தார். மோட்டார் ஏன் சூடாகிறது, கதவு ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் எழுதவேண்டும். அதுதான் நோக்கம். ஆனால் நோக்கம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும், ஒழுங்கு இருக்கவேண்டாமா? எல்லா மடலும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். முந்தைய மடலிலிருந்து வேண்டிய வரியை மட்டும் அம்புமுனைக் குறி போட்டு மேலே வைத்து, அதற்குக் கீழே பதில் எழுதியிருக்கவேண்டும். வண்ண எழுத்து கூடாது. பூப்படம் கூடாது. பெயருக்கு அடியில் பொன்மொழி கூடவே கூடாது. மீறினால் 'அன்புடன் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரி போய்ச் சேரும். அந்தக் குழுவின் யோசனையால் கடைசியாக எந்த லிஃப்ட் ஓடியது என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் மேல்பதில்காரர்களும் கீழ்ப்பதில்காரர்களும் மோதிக்கொண்டதில் இரண்டு சம்பந்திகள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கொள்கை என்றால் அப்படி இருக்கவேண்டும்.

வீடு மட்டும் விதிவிலக்கா என்ன? ஒரே மகள். "அப்பா, பதிவு அலுவலகத்துல எனக்குக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு அம்மா, ஒண்ணு நீ. வந்துடுவே இல்ல?" என்று ரோஜா நிறத்தில், சுற்றிலும் பூப்போட்டு எழுதியிருந்தாள். அவர் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, 'செய்தி மகிழ்ச்சி தருகிறது. எழுத்தின் நிறம் வருத்தம் தருகிறது. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்' என்று திருப்பி அனுப்பினார்.

"பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடறா, நீங்க கலரைப் பாக்கறீங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்குக் கலர்ல விட்டா, நாளைக்குப் பதிலை மேல எழுதுவா."

மகள் கறுப்பு எழுத்தில் மறுபடி அனுப்பினாள். ஒரே ஒரு பூ மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தந்தை என்ற முறையில் அவர் விலக்கு அளித்தார். 'கட்டாயம் வருவேன்' என்று கீழே எழுதினார். அந்தப் பூவை எத்தனை முறை திறந்து பார்த்தார் என்பது குழுவுக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. "இந்த லிஃப்ட் நேத்துலேருந்து முனகுது, நான் படியில வரேன்" என்று மனைவி இறங்கிவிட்டாள். லிஃப்ட் ஆய்வாளராக ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர் படியில் இறங்குவதா? அவர் லிஃப்டில் ஏறினார். அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் பெருமூச்சு விட்டு நின்றது.

கவலைப்பட எதுவுமில்லை. கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக் கீழ்த்தளத்தில்தான் குடியிருந்தார். அவரேதான் குழுவின் துணை மட்டுறுத்துநரும். ஒரு போன் போதும். ஆனால், லிஃப்டில் சிக்கியவர் உதவி கேட்டால் குழு வழியாகத்தான் கேட்கவேண்டும், இல்லையென்றால் வேண்டியவர் வேண்டாதவர் என்று பேச்சு வரும் என்று விதி எழுதியவர் நம்மவர். ஆகவே பழைய மடல் ஒன்றைத் திறந்து, 'சிக்கியிருக்கிறேன்' என்று பதில் எழுதினார். கைபேசி அதற்கே உரிய அநாகரிகத்தோடு பதிலை மேலே போட்டு, பழைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டது.

மடல் உடனே அன்புடன் திரும்பி வந்தது. அவர் எழுதும் மடலைச் சரிபார்ப்பவர் துணை மட்டுறுத்துநர். என்ன மாதிரி ஆளைத் தயார் செய்திருக்கிறார் நம்மவர்.

கொஞ்ச நேரத்தில் வெளியே காலடிச் சத்தம்.

"ஐயா, உள்ள இருக்கீங்களா?" என்றார் துணை.

"இருக்கேன். மடல் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா. பதில் மேல இருந்துச்சு. மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் திருப்பிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே."

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்தாள் மனைவி. "தம்பி, சாவி கையிலதானே இருக்கு? தொறப்பா."

"ஒரு நிமிஷ வேலை அக்கா. ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும்."

 உள்ளேயிருந்து ஐயா சொன்னார்: "திருத்தி அனுப்பறேன். அதுவரைக்கும் தொடாதே. நானே விதியை மீறினா மேல்பதில்காரன் என் தலையில ஏறி உக்காந்துக்குவான்."

"அங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. நம்ம முறை போயிடுச்சுன்னா பதிவாளர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுடுவாரு."

"ரெண்டு நிமிஷம். தேவையில்லாததை வெட்டணும், அவ்வளவுதான்."

"எது தேவையில்லாததுன்னு இன்னுமா உங்களுக்குத் தெரியல?"

இந்தக் கேள்விக்கு மேலேயும் பதில் வரவில்லை, கீழேயும் வரவில்லை. வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. மனைவி படியிறங்கிப் போய்விட்டாள்.

ஐயாவின் விரல் பெரிது, கைபேசியின் எழுத்து சிறிது. பழைய மடலை வெட்டப் போனவர் தன் வேண்டுகோளையும் சேர்த்து வெட்டினார். மறுபடி எழுதினார். "அடியில ஒரு பொன்மொழி இருக்கு ஐயா" என்றார் துணை, துக்கத்தோடு. 'என் கைபேசியிலிருந்து அனுப்பப்பட்டது' என்று கைபேசியே சேர்த்திருந்த வரி அது. இதற்குள் குழு விழித்துக்கொண்டது. லிஃப்ட் இறங்கும்போது நின்றதால் பதில் கீழே இருப்பது சரி, ஏறும்போது நின்றிருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதை ஆராயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. லிஃப்ட் ஏன் நின்றது என்று கேட்கும் அளவுக்குத் தரம் தாழ்ந்தவர் ஒருவரும் அதில் இல்லை.

கடைசியில் ஒரு மடல் தேறியது. துணை அதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, கதவைத் திறந்து கைகொடுத்து ஏற்றினார். ஐயா கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இருவர் கண்ணிலும் நீர் நின்றது. விதி பிழைத்துவிட்டது.

அப்போது கைபேசி மணியடித்தது. மகளின் மடல். வழக்கம்போல முதலில் வடிவத்தைப் பார்த்தார். கறுப்பு எழுத்து. அவருடைய வரி ஒன்றே ஒன்று, குறி போட்டு, மேலே. அதற்குக் கீழே பதில். அடியில் பொன்மொழி இல்லை. ஓரத்தில் அந்த ஒரு பூவும் இல்லை.

"பாரு, என் பொண்ணு" என்று துணையிடம் நீட்டினார்.

துணை மேலும் கீழும் பார்த்தார். "அப்பழுக்கில்லை. இதைத் திருப்பி அனுப்ப வழியே இல்ல, ஐயா."

அதற்குப் பிறகுதான் அவர் படித்தார்.

> கட்டாயம் வருவேன்

உன் கையெழுத்தை டாக்ஸி டிரைவர் போட்டுவிட்டார்.