சர்வதேசத்துக்கு ஓர் ஆள்

வேதியியல் மாநாடு தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஃபேக்ஸ் வந்தது. ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய பேராசிரியர் மஞ்சள் காமாலையோடு டெல்லியிலேயே படுத்துவிட்டாராம்.

விரிவுரையாளர் கஸ்தூரி மேடையைப் பார்த்தாள். 'சர்வதேச மாநாடு 1999' என்று பேனர் ஆள் உயரத்துக்குத் தொங்கியது.

"ஒரு வெளிநாட்டுக்காரராவது பேசலன்னா இது சர்வதேசம் இல்லம்மா," என்றார் கல்லூரி முதல்வர் அப்பாதுரை. "பல்கலைக்கழகத்துலேர்ந்து சக்கரவர்த்தி சார் அதைப் பாக்கத்தான் வர்றாரு. இல்லன்னா எம்.எஸ்சி. கோர்ஸுக்கு அனுமதி போச்சுன்னு வெச்சுக்கோ."

கோர்ஸ் போனால் யார் படிப்பு நிற்கும் என்று கஸ்தூரிக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பதினேழு பெண்கள். அவர்களை வேலூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க எந்த வீடும் தயாராக இல்லை.

வாசலுக்கு ஓடினாள். ஆட்டோக்காரர் முபின் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"செங்கம் ரோடு ஆசிரமத்துல வெள்ளைக்காரங்களுக்கா பஞ்சம்? ஏறுங்க மேடம்."

ஆசிரம வாசலில், வேட்டி கட்டிய நெட்டை வெள்ளைக்காரர் ஒருவர் கிடைத்தார். மாநாட்டுக்கு வரமுடியுமா என்று கஸ்தூரி ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவர் புன்னகைத்துத் தலையாட்டி ஏறிக்கொண்டார்.

"தங்கமான மனுஷன். ஜாஸ்தி கேள்வி கேக்கல பாருங்க," என்றார் முபின்.

கல்லூரி வாசலில் இறங்கியதும் அந்தத் தங்கமான மனுஷன் பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். நாற்பது நாள் மௌன விரதம். இன்று பன்னிரண்டாம் நாள்.

கஸ்தூரி ஓடிப்போய்ச் சொல்வதற்குள் முதல்வர் மைக்கைப் பிடித்துவிட்டார். "ஜெர்மனியிலிருந்து நமக்காகவே வந்திருக்கும் மாபெரும் விஞ்ஞானி!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"சார், அவரு பேசமாட்டாரு!"

"நல்லதாப் போச்சு. பேசினாத்தானே மாட்டிப்போம். பேச்சை எழுதிக் குடுத்துட்டாருன்னு சமாளிச்சுக்கலாம். நீ உன் பேச்சை ஆரம்பி."

கஸ்தூரி தாளைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் பல நாடுகளிலிருந்து கூடிய கதை. அந்நாளில் அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே பத்தொன்பது வாய்பாடுகள் இருந்தன என்றதும் பெண்கள் சிரித்தார்கள். மூன்று நாள் வாதம் செய்தும் முடிவு எட்டவில்லை. கலைந்து போகும்போது ஒருவர் கையில் கொடுத்த சின்னப் பிரசுரத்தைச் சிலர் வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்தார்கள். அணு எடைக் குழப்பம் தீர அதுதான் வழிகாட்டியது. இதைச் சொல்லும்போது அவள் தாளைப் பார்ப்பதையே விட்டிருந்தாள். முன்வரிசைப் பெண்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மேடையில் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்திக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விருந்தினர் பக்கம் திரும்பி, ஜெர்மனியில் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

விருந்தினர் சிலேட்டில் அழகான தமிழில் எழுதினார்: 'கொடைக்கானல். பிறந்தது, வளர்ந்தது, ஓட்டுப் போடுவது எல்லாம் அங்கேதான்.'

சக்கரவர்த்தி அதை வாய்விட்டுப் படித்தார்.

"அடக் கடவுளே, லோக்கல் ஆளு!" என்றார் கடைசி வரிசையில் முபின்.

முதல்வர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கஸ்தூரி மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"இவரைக் கூட்டிட்டு வந்தது நான்தான் சார். தப்பு என்னுது. பேனர்ல அந்த ஒரு வார்த்தையை அடிச்சுடுங்க. இந்தப் பொண்ணுங்களோட கோர்ஸை அடிச்சுடாதீங்க."

"உங்க பேச்சு பிரமாதம்மா," என்றார் சக்கரவர்த்தி, வருத்தத்தோடு. "ஆனா ரூல் ரூல்தான். வெளிநாட்டு ஆள் ஒருத்தராவது பேசியிருக்கணும்."

அறிக்கையில் எழுத அவர் பேனாவைத் திறந்தார்.

பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மைக்செட் கடையிலிருந்து வந்து, காலையிலிருந்து வாய் திறக்காமல் ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"ஐயா, நான் யாழ்ப்பாணம். அங்க பன்னிரண்டு வருசம் கெமிஸ்ட்ரி படிப்பிச்சனான். நான் ஒரு பத்து நிமிசம் கதைச்சா, இது சர்வதேசமாகுமோ?"