உஷ் மாஸ்டரின் ஹெட்போன் வகுப்பு

இந்த ஊவா மாகாணத்திலேயே சத்தத்தை ஜென்ம விரோதியாக நினைத்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் உஷ் மாஸ்டர்தான். கொக்கரித்த கோழியைப் பார்த்தே விரலை உதட்டில் வைத்தவர். கோழி அடங்கியதா என்கிறீர்களா? சத்தியமாக அடங்கியது!

ஸ்பிரிங்வெளியில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, பதுளையிலிருந்து ஆறு வார இரவலாக வாங்கிய மூன்று லெப்டொப்களோடு வந்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தச் சத்தம் முதலில் வந்தது, எது பிந்தி வந்தது என்று படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் வேகம் கூடும். காது பழகினால் எழுத்தும் பிடிபடும் என்பது அவர் கட்சி.

நான் அங்கே தமிழ் வாத்தியார். என் மகள் ஜெனிட்டாவுக்கோ நாலாம் ஆண்டு வந்தும் ஒரு வரி வாசிக்க வராது. என் மானம் போனதை விடுங்கள். புத்தகத்தைக் கண்டாலே பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதுதான் என்னைத் தின்றது.

மாஸ்டர் ஒருநாள், தோட்டத்தையே நடத்தும் பெரிய தொரையிடமே போய் நின்றார்.

"வகுப்பு நேரத்துல பெக்டரி சங்கு ஊதக் கூடாதுங்க."

"அப்ப தோட்டத்தையே மூடிருவமா மாஸ்டர்?"

"பத்து நிமிஷம் மூடுனாப் போதுங்க."

தொரை சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து சங்கு பத்து நிமிஷம் பிந்தித்தான் ஊதியது.

கடைசி நாள் வந்தது. நாலு மணிக்கு லெப்டொப்கள் பதுளைக்குத் திரும்புகின்றன. ஜெனிட்டாவுக்கு இன்னும் ஒரே ஒரு கட்டம்; எட்டுத் தடவை தோற்ற கட்டம். மூன்றரைக்கு அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், பிடித்தது பேய்மழை. தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டியதுபோல் இரைச்சல்.

மாஸ்டரைத் தேடினால் ஆளைக் காணோம். வெளியே ஓடிப் பார்த்தேன். கொழுந்துச் சாக்குகளோடு கூரையில் ஏறி, அவள் தலைக்கு நேர்மேலே விரித்து, அவை சரியாதபடி அவற்றின்மேலேயே குப்புறப் படுத்துக் கிடக்கிறார் மனுசன்!

"ஐயோ மாஸ்டர், மின்னல் வெட்டுது! எறங்குங்க!"

"உஷ்! புள்ள கேட்டுக்கிட்டு இருக்கு!"

உள்ளே ஓடினேன், வெளியே ஓடினேன். பிள்ளை ஒரு தடவை பிழைவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். நாலு மணிக்குச் சற்று முன்னே திரையில் நட்சத்திரங்கள் பூத்தன. கட்டம் தாண்டிவிட்டாள்.

இறங்கி வந்த மாஸ்டர், ஒரு கதைப் புத்தகத்தை அவள் முன்னே விரித்தார். ஜெனிட்டா விரல் வைத்து, திக்கித் திக்கி, ஒரு வரியை முழுசாக வாசித்தாள். ஹெட்போன் செய்த வேலையா, அவர் பிடிவாதமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகுதான் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏன் மாஸ்டர் இப்பிடி நனைஞ்சிருக்கீங்க? மழையா பேஞ்சிச்சு?"

"லேசாத்தாம்மா" என்றார், அந்த மகராசன்.